குப்பி கறுத்ததற்குச் சால்வையா?

மலையடிவாரம்:
நேற்று இந்த இணைய மன்றத்தின் கிராம சபைத் திரியில் லேப்காரன் சார் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "குடிதண்ணீரில் நாலு சொட்டு மருந்தை விட்டு நிறம் பார்க்கிற பெண்களுக்கு மார்ச் 22 கிராம சபையில் சால்வையாம். அப்படியென்றால் லாக்டோமீட்டர் வைத்திருக்கிற பால்காரருக்கும் போடுங்கள்" என்று எழுதியிருந்தார்.

ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீரைச் சோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி என்று கணக்கு. எங்கள் ஊரில் இன்று சோதனைப் பெட்டியைத் திறப்பது நானும் இன்னொரு அக்காவும்தான். நூறு நாள் வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் தெருத்தெருவாகக் குழாயடியில் தண்ணீர் பிடித்து, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, குளோரின் என்று பார்த்து, கிருமி இருக்குமோ என்று குப்பியில் தண்ணீர் பிடித்து வைத்து அது கறுக்கிறதா என்றும் பார்த்து நோட்டில் ஏற்றுகிறோம். தர்மபுரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு ஃபுளோரைடு பற்றிப் பாடம் வேண்டாம். பல்லில் பழுப்புக் கறையோடு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொட்டு விட்ட தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கிறதா, ஃபுளோரைடு கூடி மஞ்சளுக்குப் போகிறதா என்று பார்க்கும்போது எங்கள் பிள்ளைகளின் பல்தான் கண்ணில் தெரிகிறது.

லேப்காரன்:
என் ஆட்சேபணை சால்வைக்கு இல்லை அம்மா, கறுப்புக் குப்பிக்கு. போன வருஷம் உங்கள் ஊர்த் தண்ணீரில் ஈ.கோலை, அதாவது மலத்தில் இருக்கும் பாக்டீரியா, இருக்கிறது என்று இங்கே எழுதினீர்கள். அந்தக் குப்பி காட்டுவது ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும் பாக்டீரியாவை. ஈ.கோலை பொதுவாக அந்த வாயுவை உண்டாக்குவதே இல்லை. 31 வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நின்றவன் சொல்கிறேன். குப்பி கறுத்தால் சந்தேகம், அவ்வளவுதான்.

மலையடிவாரம்:
நான் "குப்பி கறுத்தது" என்றுதான் எழுதினேன்.

லேப்காரன்:
"ஈ.கோலை" என்று எழுதினீர்கள்.

மலையடிவாரம்:
ஈ.கோலையாக இருக்கலாம் என்றேன். நோட்டில் இருப்பது "குப்பி கறுத்தது, 2வது நாள் காலை, கிழக்குத் தெரு கடைசிக் குழாய்." அதைத் தாண்டி ஓர் எழுத்து கிடையாது.

டேங்க்_ஆபரேட்டர்_மகன்:
சால்வை என்றால் முதலில் எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்குப் போடுங்கள். காலை நாலரைக்கு எழுந்து வால்வைத் திறப்பவர் அவர். தொட்டிமேல் ஏறிக் கழுவுபவரும் அவர்தான். குப்பி கறுத்தது என்று நோட்டில் எழுதியதும் ஊரே அவரைத்தான் கேட்டது. இந்த அக்காக்கள் யாரும் அவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மலையடிவாரம்:
தம்பி, உங்கள் அப்பா எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் ஆபரேட்டர் அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன். பிளீச்சிங் பவுடர் தீர்ந்து பத்து நாள் ஆகிறது என்று அவர் கையை விரித்தார். அவருக்கும் சால்வை போடட்டும், நான் எங்கே வேண்டாம் என்றேன்?

ஏரிக்கரை_குமார்:
லேப்காரன் சாருக்கு இது பழக்கம். ஏரி தூர்வாரிய திரியிலும் படத்தில் இருப்பது கொக்கா நாரையா என்று நாலு நாள் பிடித்துக்கொண்டு நின்றார். ஏரி கடைசியில் என்ன ஆனது என்று கேட்டவரில்லை.

லேப்காரன்:
அது நாரைதான், குமார். நத்தைகுத்தி நாரை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஏரிக்கரை_குமார்:
சொல்லுங்கள் சார், உங்களுக்கும் ஒரு சால்வை போட்டுவிடுவோம்.

பாலக்கோட்டான்:
தெரியாமல்தான் கேட்கிறேன். ஒகேனக்கல் திட்டத்துக் காவிரித் தண்ணீர் 2013லேயே வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஃபுளோரைடு பார்க்கிறீர்கள்?

மலையடிவாரம்:
அண்ணா, எங்கள் ஊரில் அந்தத் தண்ணீர் வராத நாளில் போர்வெல் தண்ணீரை அதே தொட்டியில் ஏற்றுகிறார்கள். எந்த நாள் எந்தத் தண்ணீர் என்று குழாய் சொல்லாது. பெட்டியில் இருக்கும் நிற அட்டைதான் சொல்லும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை, அதற்கு மேல் குடிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை பார்த்தால்தானே இது பிடிபடும்? மாதிரியை லேபுக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பிள்ளைகள் எத்தனை குடம் குடித்திருக்கும்!

லேப்காரன்:
ஃபுளோரைடு அட்டையை நான் குறை சொல்லவில்லை. குப்பியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்பைடு இருந்தாலும் அந்தக் குப்பி கறுக்கும். உங்கள் ஊர் போர் எத்தனை அடி?

மலையடிவாரம்:
குப்பி சும்மா வந்ததில்லை சார். 1982ல் குவாலியரில் ராணுவ ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கியது. லேப் இல்லாத இடத்தில் மலம் கலந்ததா என்று சந்தேகம் தெரியட்டும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். நாங்களும் சந்தேகத்தைத்தான் சொன்னோம். சொல்லி ஆறாவது நாள் மாதிரி எடுக்க வந்தார்கள். அதற்குள் தொட்டியில் பவுடரைக் கொட்டி முடித்தாகிவிட்டது. குளோரின் வாடையில் வாயில் வைக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரை எடுத்துப்போய் "பாக்டீரியா இல்லை" என்று தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் காட்டி எங்கள் இரண்டு பேரையும் ஊர்க் கூட்டத்தில் நிற்க வைத்து, புரளி கிளப்பினீர்களா என்று கேட்டார்கள். அந்த அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. அதனால்தான் பாராட்டு கேட்கிறேன். சால்வையை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? அந்த நோட்டைக் கிராம சபையில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும், எங்கள் பெயரைச் சொல்லி வாசிக்க வேண்டும். பொய் சொன்னவர்கள் என்று கேட்ட அதே இடத்தில்.

டேங்க்_ஆபரேட்டர்_மகன்:
பவுடர் வாங்கித் தராமல் இருந்தது யார் என்பதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

லேப்காரன்:
ஆறாவது நாள் எடுத்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மாதிரி எடுத்தவர் செய்த தப்பு அது. அதை வைத்துக் குப்பி சரி என்று ஆகிவிடாது.

ஏரிக்கரை_குமார்:
நாரையும் ஆகாது.

லேப்காரன்:
குமார், திரியை விட்டு விலகாதீர்கள். போர் எத்தனை அடி என்று கேட்டேன்.

மலையடிவாரம்:
780 அடி. இன்று பள்ளிக்கூடக் குழாயில் பிடித்திருக்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாயை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, கோடு வரைக்கும் பிடித்து மூடி, பிளாஸ்திரி ஒட்டித் தேதியும் நேரமும் எழுதி, அடுப்படிப் பரணில் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் காலையில் போட்டோ போடுகிறேன்.

லேப்காரன்:
அடுப்படிப் புகையில் வைத்த குப்பி போட்டோவில் கறுப்பாகத்தான் தெரியும். லேபுக்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள்.

மலையடிவாரம்:
எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.