அப்பாவின் மார்பு எக்ஸ்-ரே: நீரை ஊசி போட்டு எடுக்க வேண்டுமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
எழுபது வயதைக் கடந்த என் அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு வாங்குகிறது; கணுக்காலிலும் வீக்கம் இருக்கிறது. படுக்கையிலேயே வைத்து எடுத்த எக்ஸ்-ரேயில் இதயம் பெரிதாக இருப்பதாகவும், வலப்பக்கம் காஸ்டோஃப்ரீனிக் கோணம் (விலா எலும்புகளும் உதரவிதானமும் சேரும் கீழ்மூலை) மழுங்கியிருப்பதாகவும், அடிப்பகுதியில் கெர்லி பி கோடுகள் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஊசி போட்டு நீரை எடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பா வற்புறுத்துகிறார். மருத்துவரோ நீர் பிரியும் மாத்திரை கொடுத்து, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (ஈரோடு, பொது மருத்துவர்):
உங்கள் மருத்துவர் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்து நுரையீரல் சிரைகளில் அழுத்தம் ஏறும்போது, முதலில் மேல்பகுதி நாளங்கள் பருத்துத் தெரியும். அழுத்தம் மேலும் ஏறினால் நுரையீரலின் நுண்ணிய தடுப்புகளில் நீர் ஊறி, வெளி விளிம்பை ஒட்டி 1 முதல் 2 செ.மீ. நீளமுள்ள கிடைக்கோடுகள் விழும். பீட்டர் கெர்லி 1933இல் விவரித்த கோடுகள் இவையே. அதையும் தாண்டிக் காற்றறைகளுக்குள் நீர் இறங்கினால், வௌவால் சிறகு விரித்தாற்போல் நடுவிலிருந்து இருபுறமும் வெண்மை படரும். திசுவுக்குள் ஊறிய இந்த நீரை எந்த ஊசியாலும் உறிஞ்ச முடியாது.

கோணம் மழுங்குவதோ, நுரையீரலைச் சுற்றியுள்ள ப்ளூரா உறைக்குள் நீர் தேங்குவதால். நின்று எடுத்த நேர்ப்படத்தில் அது தெரிய ஏறக்குறைய 200 மி.லி. சேர வேண்டும். இதயத் தளர்ச்சியால் வந்ததென்றால் இதுவும் பெரும்பாலும் மாத்திரையிலேயே வற்றிவிடும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

மறுமொழி (கோவை, எக்ஸ்-ரே டெக்னீஷியன்):
படுக்கையில் முன்புறமிருந்து கதிர் செலுத்தி எடுக்கும் படத்தில், இதயம் காசெட்டிலிருந்து (படம் பதியும் தட்டு) விலகி இருப்பதால் உள்ளதைவிடப் பெரிதாகவே விழும். இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்னும் கணக்கு, நின்ற நிலையில் பின்புறமிருந்து எடுத்த படத்துக்கே பொருந்தும். மேலும், மல்லாந்து படுத்திருப்பவருக்கு ப்ளூரா உறைக்குள் உள்ள நீர் முதுகுப்புறம் பரவி வெறும் மங்கலாகத் தெரியுமாதலால் அளவைக் கணிப்பது கடினம். அப்பாவால் நிற்க முடிந்தால் இன்னொரு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அல்ட்ராசவுண்டில் சிறிதளவு நீர்கூடத் தெளிவாகத் தெரியும்.

மறுமொழி (பெருந்துறை):
உங்கள் பெரியப்பா சொல்வதற்கும் இடமுண்டு, ஆனால் வேறு சூழலில். என் சித்தப்பாவுக்கு மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தன. இதயம் இயல்பாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்திருந்தது. ஊசியால் எடுத்த நீரில் புரதம், எல்டிஹெச், ஏடிஏ என்னும் நொதிகள் ஆகியவற்றைப் பார்த்தபின் காசநோய் என்று முடிவு செய்து, ஆறு மாதம் மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தினார்கள். சானடோரியம் (காசநோய் மருத்துவமனை) இருந்த ஊர் எங்களுடையது. ஆகவே ஒருபக்க நீர் என்றால் இந்த ஐயம் எங்களுக்கு முதலில் எழும். அப்பாவுக்குக் காய்ச்சலோ நாள்பட்ட இருமலோ இருந்தால் எக்கோ எடுக்கப் போகும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.