ஆஷா பணியாளருக்கு நிலையான சம்பளம் வேண்டுமா?

அல்சூர் சேகர்:
2025 ஜனவரியில் நம் பெங்களூரு ஃபிரீடம் பார்க்கில் ஆஷா பணியாளர்கள், அதாவது வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் அரசுத் திட்டப் பெண்கள், குளிரில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். மாதம் 15,000 ரூபாய் கேட்டார்கள். குறைந்தது 10,000 உறுதி என்று அரசு சொன்னதும் கலைந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும், செய்த வேலைக்குக் காசு என்று இருப்பதால்தான் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் கிடைக்கிறது. முழுச் சம்பளம் என்றாகிவிட்டால் மலைக் கிராமத்துக்கு யார் நடந்து போவார்கள்?

மலையடிவாரம்:
சேகர் அண்ணா, மலையில்தான் உங்கள் கணக்கு இடிக்கிறது. சமவெளியில் ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா. மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் மக்கள் குறைவு என்பதால் ஒரு குடியிருப்புக்கு ஒருவர் என்று தளர்த்த விதி இருக்கிறது. மக்கள் குறைந்தால் பிரசவமும் குறையும், ஊக்கத்தொகையும் குறையும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் என்று ஆறு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எடை போட வேண்டும், உடம்புச் சூடு பார்க்க வேண்டும், பால் சரியாகக் குடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்து 250 ரூபாய். ஊருக்குள் அடுத்த தெருவுக்குப் போகிறவருக்கும் அதே 250, மாதேஸ்வரன் மலைப் பக்கம் காட்டுப் பாதையில் போகிறவருக்கும் அதே 250. எட்டாத ஊரில் இருப்பவரைத்தானே இந்த முறை தண்டிக்கிறது?

அல்சூர் சேகர்:
அப்படியென்றால் தூரத்துக்குத் தனிப்படி கொடுக்கட்டும். அதற்குச் சம்பளம் எதற்கு?

தங்கவயல் செல்வி:
எங்கள் சொந்தத்தில் ஓர் ஆஷா இருக்கிறார். படிவத்தில் ஏறாத வேலைதான் அவருக்கு அதிகம். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கும் மாமியாரிடம் மணிக்கணக்கில் பேசுவார். தாலுகா ஆஸ்பத்திரியில் முடியாது என்று மாவட்டத்துக்கு அனுப்பினால் ராத்திரி முழுக்க வராந்தாவில் இருப்பார். இதற்கெல்லாம் எந்தப் படி தருவீர்கள்?

இன்னொன்று. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பிறந்து நான்கு வாரத்துக்குள் நேரும் சிசு மரணம் பாதிக்கும் மேல் குறைந்ததாக 1999இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் பெண்கள் கையில் மருந்து இருந்தது, சந்தேகம் கேட்க மேற்பார்வையாளர் இருந்தார். இங்கே மருந்துப் பை காலியானால் நிரப்ப ஆளில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது, சந்தோஷம். பஸ் காசு?

அல்சூர் சேகர்:
மருந்துப் பையும் மேற்பார்வையும் உடனே வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் குழந்தையைப் பார்க்க ஆறு முறையும் போனாரா என்று கேட்கும் ஏற்பாட்டைக் கைவிடக் கூடாது.

மலையடிவாரம்:
கேளுங்கள் அண்ணா. முதலில் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கேளுங்கள். நர்ஸம்மாவிடம் அப்படித்தானே கேட்கிறோம்?