புதுப்பிப்பு: இன்ஜினை மாற்றவில்லை, இறக்கி வேலை பார்க்கிறோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: 12 வருஷ பெட்ரோல் கார், 1,40,000 கிலோமீட்டர், காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது, இன்ஜினைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

பலர் சொன்னபடி முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தோம். மூன்று சிலிண்டர் 165 psi-க்கு மேல், ஒன்று மட்டும் 95. அதில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்ததும் 140க்கு ஏறியது. "வால்வு இல்ல சார், ரிங்குதான்" என்றார் மெக்கானிக். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் விட்ட ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும்; வால்வு கசிந்தால் ஆயில் விட்டாலும் அவ்வளவாக ஏறாதாம்.

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாக மார்க்கெட்டில் பழைய இன்ஜின் 55,000க்குக் கிடைத்தது. ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியவில்லை. இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யையும் திருத்த வேண்டும். அந்த அலைச்சலுக்கு எனக்குப் பொறுமையில்லை.

ரிங், பேரிங், கேஸ்கெட், லேத் கூலி எல்லாம் சேர்த்து 42,000 பேசியிருக்கிறோம். சிலிண்டர் போர் (உட்சுவர்) தேய்ந்திருந்தால் செலவு கூடும். நேற்று இன்ஜினை இறக்கியாயிற்று. வீட்டில் இன்னும் முழுத்தொகை சொல்லவில்லை. திங்கட்கிழமை லேத்தில் அளந்து சொல்வார்கள்.