கிரீஸ் தடவிய பின் சில விசைகள் மந்தம், ஒன்று இரட்டை எழுத்து, ஒன்று மௌனம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். 68 விசைகள் கொண்ட என் மெக்கானிக்கல் விசைப்பலகையில் உள்ள லீனியர் (இடையில் மேடு தட்டாமல் சீராக இறங்கும்) ஸ்விட்சுகள் அனைத்தையும் கழற்றி, ஒவ்வொன்றையும் திறந்து, கிரைடாக்ஸ் 205 ஜி0 கிரீஸைச் சிறிய பிரஷால் தடவி மீண்டும் பொருத்தினேன். இரண்டு மாலைகள் பிடித்தன. முதல் மாலையில் கை பழகாததால் கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாம் மாலையில் செய்தவை மெல்லிய பூச்சு.

பெரும்பாலான விசைகள் நன்றாகவே இருக்கின்றன. முன்பிருந்த கரகரப்பு போய்விட்டது. ஆனால் நான்கு தொல்லைகள் மிஞ்சியுள்ளன. பத்துப் பன்னிரண்டு விசைகள் அழுத்திவிட்டால் சோம்பலாக மேலே வருகின்றன. 'ஈ' விசையை ஒருமுறை தட்டினால் சில சமயம் இரண்டு எழுத்துகள் விழுகின்றன. 'பி' விசை அறவே வேலை செய்யவில்லை. 'கே' விசையோ, கேபிளைச் செருகிய நொடியிலிருந்து யாரும் தொடாமலே வரி வரியாக நிரப்புகிறது. அந்த ஸ்விட்சைப் பிடுங்கி எடுத்த பிறகுதான் நின்றது. எல்லாம் கிரீஸால் வந்த வினைதானா? 68 ஸ்விட்சுகளையும் மறுபடி திறந்து கழுவ வேண்டுமா?

முதல் பதில்

பலகையில் ஹாட்-ஸ்வாப் சாக்கெட் (ஸ்விட்சை ஈயப்பற்றின்றிச் செருகவும் பிடுங்கவும் உதவும் பொருத்துமிடம்) உள்ளதா, அல்லது ஈயப்பற்று வைத்ததா? ஸ்விட்சைப் பிடுங்கினேன் என்று எழுதியிருப்பதால் சாக்கெட் என்றே எடுத்துக்கொள்கிறேன். எளிய வழி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊற வையுங்கள். கிரீஸ் கரைந்துவிடும், பிறகு புதிதாகத் தொடங்கலாம். கரைசல் கிடைக்காவிட்டால், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சிறிது அடித்தாலும் இறுக்கம் இளகும்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். கீல் ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான். அது பறந்த பின் மிஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தூசியை ஈர்க்கும், சிலவகை பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. ஆல்கஹால் விஷயத்தில் சிக்கல் வேறு. 205 ஜி0 என்பது ஃபுளோரின் சேர்ந்த செயற்கை எண்ணெயில் பிடிஎஃப்இ (டெஃப்லான்) தூளைக் கலந்து கெட்டியாக்கிய கிரீஸ். சமையல் எண்ணெயையோ பெட்ரோலிய கிரீஸையோ போல அது ஆல்கஹாலில் கரைவதில்லை. ஊற வைத்தால் பிடி சற்றுத் தளரும், பிரஷால் தேய்த்தால் உதிரும், அவ்வளவுதான். தேய்க்காமல் ஊற மட்டும் வைத்தால், உதிர்ந்த கிரீஸ் மிதந்து போய், ஸ்விட்சுக்குள் மின்தொடுகை தரும் செப்புத் தகட்டின் மீது படியவும் கூடும். அப்போது ஒரு விசையில் இருந்த நோய் எல்லாவற்றுக்கும் பரவும்.

அதைவிட முக்கியமானது, நீங்கள் சொல்லும் நான்கும் ஒரே கோளாறு அல்ல என்பது. நான்கையும் 'கிரீஸ் பிரச்சினை' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், நன்றாக இருக்கும் ஐம்பது ஸ்விட்சுகளையும் வீணாகத் திறப்பீர்கள். முதலில் ஸ்விட்சை இடம் மாற்றிப் பாருங்கள். 'பி' இடத்து ஸ்விட்சை வேறு இடத்திலும், நல்ல ஸ்விட்ச் ஒன்றை 'பி' இடத்திலும் பொருத்துங்கள். கோளாறு ஸ்விட்சோடு நகர்ந்தால் ஸ்விட்சைப் பாருங்கள். இடத்திலேயே நின்றால் சாக்கெட்டைப் பாருங்கள்.

'கே' விசைக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. ஸ்டெம்மை (அழுத்தும்போது ஸ்விட்சுக்குள் ஏறி இறங்கும் பாகம்) திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்வேன். இந்த வகை ஸ்விட்சில், விசை ஓய்வாக நிற்கும்போது ஸ்டெம்மின் இரண்டு கால்கள் செப்புத் தகட்டைத் தள்ளி விலக்கி வைத்திருக்கும். அழுத்தும்போது கால்கள் கீழே இறங்க, தகடு தன் இழுவையால் திரும்பி வந்து தொடும்; அந்தத் தொடுகையே எழுத்து. கால்கள் எதிர்ப் பக்கம் போய்விட்டால் தகட்டை விலக்க ஆளில்லை, எனவே அது எப்போதும் தொட்டபடியே இருக்கும். கால்கள் தகட்டுப் பக்கம் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள்.

கேட்டவர்

ஆம், சாக்கெட் உள்ள பலகைதான். 'கே' ஸ்விட்சைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே ஸ்டெம் தலைகீழ்த் திசையில் இருந்தது. இரண்டு நாள்களாக மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றியதும் சரியானது.

'பி' ஸ்விட்சை வேறு இடத்தில் பொருத்தியபோதும் வேலை செய்யவில்லை. 'பி' இடத்தில் நல்ல ஸ்விட்ச் வைத்தால் எழுத்து விழுகிறது. 'ஈ' ஸ்விட்ச் எங்கே போனாலும் இரட்டையாகவே அடிக்கிறது.

மூன்றாம் பதில்

'பி' ஸ்விட்சைக் கவிழ்த்து அதன் இரண்டு செப்பு ஊசிகளையும் பாருங்கள். ஒன்று மடங்கி அடியோடு படுத்திருக்க வாய்ப்பு அதிகம்; சாக்கெட்டில் சாய்வாக நுழைத்தால் இப்படி ஆகும். வெளியிலிருந்து பார்க்கும்போது ஸ்விட்ச் முழுதாக உட்கார்ந்ததுபோலவே தெரியும் என்பதால் பலரும் கிரீஸைச் சந்தேகிப்பார்கள். இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம், ஆனால் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் ஊசி ஒடிந்துவிடும். மீண்டும் பொருத்தும்போது ஒரு விரலைப் பலகையின் அடியில், சாக்கெட்டுக்கு நேராகத் தாங்கலாக வைத்துக்கொண்டு நேர்க்குத்தாக அழுத்துங்கள். தாங்கல் இல்லாமல் மேலிருந்து அமுக்கினால் சாக்கெட் தன் ஈயப்பற்றோடு பெயர்ந்துவிடக்கூடும். அதைச் சரிசெய்வது கிரீஸைத் துடைப்பதுபோல் சுலபமல்ல.

ஊசி நேராகவே இருந்தால், மல்டிமீட்டரில் தொடர்ச்சி ஒலி எழுப்பும் நிலையை வைத்து இரு ஊசிகளையும் தொட்டபடி ஸ்டெம்மை அழுத்துங்கள். ஓய்வில் அமைதியும் அழுத்தினால் ஒலியும் வர வேண்டும்.

இரண்டாம் பதில் எழுதியவர்

'ஈ' விசைக்கு வருகிறேன், ஏனெனில் உண்மையாகவே கிரீஸ் சம்பந்தப்பட்டிருக்கக்கூடியது இதுதான். தகட்டின் தொடுமுனை மீது கிரீஸ் படிந்தால் தொடுகை ஒரே சீராக அமையாமல் விட்டுவிட்டுப் பற்றும். சாதாரணத் தொடுகையிலும் உலோகம் சில மில்லி நொடிகளுக்குத் துள்ளத்தான் செய்யும். அதைப் பொருட்படுத்தாதிருக்க விசைப்பலகையின் மென்பொருள் சிறிது நேரம் காத்திருக்கும், கியூஎம்கே என்ற விசைப்பலகை மென்பொருளில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 5 மில்லி நொடி. அழுக்கடைந்த தொடுகையின் துள்ளல் அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் இரண்டாம் எழுத்து விழுகிறது. அந்த எண்ணைக் கூட்டினால் அறிகுறி மறையும் என்பது மெய்தான். எனினும் ஒரு ஸ்விட்சுக்காக முழுப் பலகையையும் தாமதப்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

அடிக்கூட்டைத் திறந்து, 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான பிரஷால் தொடுமுனையை மட்டும் தேய்த்து, பிசிறில்லாத துணியில் பிரஷைத் துடைத்து, மீண்டும் தேய்த்து, முழுதாகக் காய விடுங்கள். கரையாத கிரீஸைத் தேய்த்து எடுத்துச் செல்வதுதான் இங்கே வேலை, ஆகவே ஒவ்வொரு தடவையும் பிரஷைத் துடைக்காவிட்டால் இடம் மாற்றியதோடு நின்றுவிடும். 70 விழுக்காட்டு வகையில் தண்ணீர் அதிகம் என்பதால் தகட்டருகே அதைத் தவிர்க்கிறேன். தேய்க்கும்போது தகட்டை வளைத்துவிடாதீர்கள். வளைந்த தகடு அழுத்தம் குறைந்து அதே இரட்டை எழுத்தைத் தரும், அப்போது காரணம் எதுவென்று பிரித்தறிவது கடினம்.

கேட்டவர்

'பி' ஊசி மடங்கியே இருந்தது. நிமிர்த்திவிட்டேன், வேலை செய்கிறது. 'ஈ' இரண்டு சுற்றுத் தேய்த்த பின் நூறு முறை தட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூட இரட்டிக்கவில்லை. மந்தமான விசைகள் மட்டும் பாக்கி. சரியான அளவு என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

நான்காம் பதில்

அந்த கிரீஸ் வெள்ளை நிறம். தடவிய பரப்பில் வெண்மை கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம். விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கும்போது ஈரம் பட்டதுபோன்ற மினுக்கம் மட்டும் தெரிந்தால் போதும். உங்கள் மந்த விசைகளுக்குக் கரைப்பானே வேண்டாம். உலர்ந்த பிரஷால் அடிக்கூட்டின் இரு பக்கத் தடங்களையும் ஸ்டெம்மின் பக்கவாட்டையும் வழித்து எடுங்கள். நடுவில் ஸ்டெம்மின் தண்டு இறங்கும் துளையையும் மறக்காதீர்கள். அங்கே கிரீஸ் தேங்கினால் காற்று வெளியேற வழியின்றி விசை பஞ்சுபோல் திரும்பும். ஸ்டெம்மின் கால்களில் பட்டதையும் துடைத்துவிடுங்கள், அவை உரசுவது தகட்டின் மேல்தான். ஸ்பிரிங்கின் இரு நுனிகளில் லேசாக இருந்தால் போதும்.

வேறு யாராவது டாக்டைல் ஸ்விட்சோடு இதைப் படித்தால் ஒரு சொல்: அவற்றில் கால்களில் கிரீஸ் தடவினால் விரலுக்குத் தெரியும் அந்த மேடு மழுங்கிவிடும். கிளிக் ஒலி எழுப்பும் வகைகளில் ஒலி தரும் பாகத்தைத் தொடவே வேண்டாம்.

கேட்டவர்

பதினொரு ஸ்விட்சுகளை வழித்தேன். பிரஷில் சேர்ந்த கிரீஸ் இன்னும் நான்கைந்து ஸ்விட்சுகளுக்குத் தாராளமாகக் காணும். பத்து சரியாகிவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் சற்று மெதுவாக வந்தது. அதன் ஸ்பிரிங் பக்கவாட்டில் லேசாகக் கோணியிருப்பதைக் கவனித்தேன், கழற்றும்போது என் நகம் பட்டிருக்க வேண்டும். உபரியாக இருந்த ஸ்பிரிங்கை மாற்றியதும் அதுவும் சரியானது. கோணிய ஸ்பிரிங்கை நிமிர்த்த முயலவில்லை.