மறு: 'டிஸ்டன்ட் சிக்னல்' – தூரச் சமிக்ஞையா, முன்காட்டியா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

ரயில்பாதையில் நிலையத்துக்கு வெகு முன்னால் நின்று, அடுத்த சிக்னல் எப்படி இருக்கிறது என்று சொல்வது 'டிஸ்டன்ட் சிக்னல்'. அதற்குத் தமிழில் 'தூரச் சமிக்ஞை' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தூரம் யாருக்கு? நிலையத்தில் இருக்கும் அதிபருக்கு. கோச்சி (ரயில்) ஓட்டி வருபவருக்கோ அந்த நிலையத்தின் சிக்னல்களில் முதலில் எதிர்ப்படுவதே அதுதான். பார்த்து நடக்கவேண்டியவர் அவர். பெயரும் அவர் பக்கமிருந்து வரட்டும்.

கம்பத்தில் நீட்டிய கையால் சைகை காட்டும் பிரித்தானியக் கைகாட்டி முறையில், நிலையத்துக்குள் நுழையுமுன் நிற்கவைக்கும் ஹோம் சிக்னலின் கை சிவப்பு, நுனி சதுரம். அது கிடையாக நீட்டியிருந்தால் அங்கேயே நிற்கவேண்டும். டிஸ்டன்ட்டின் கை மஞ்சள், நுனியில் மீன்வால் வெட்டு. அது கிடையாக இருந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் ஹோமில் நிற்க ஆயத்தமாகப் போகவேண்டும். 1920கள் வரை பிரித்தானியாவில் இந்தக் கையும் சிவப்பாகவே இருந்தது. நில் என்பதும் கவனி என்பதும் இரவில் ஒரே சிவப்பு விளக்காகத் தெரிந்ததால்தான் மஞ்சளுக்கு மாற்றினார்கள். நிறத்தில் பிரித்ததைப் பெயரிலும் பிரிக்கவேண்டாமா?

சீனக்குடாவில் கோதுமை மா ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டியை நினைத்துப் பாருங்கள். இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சில்லு, பிரேக் பிடித்தபிறகும் நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடித்தான் ஓயும். வளைவு திரும்பி ஹோமைக் கண்டபின் பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும். அதனால்தான் டிஸ்டன்ட் முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

முதலில் 'முன்கைகாட்டி' என்று எழுதி, கல்ஓயாப் பாதையில் வண்டி ஓட்டிய பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முழங்கைக்குக் கீழே தொட்டு, "முன்கை எண்டால் இதெல்லோ தம்பி" என்றார். அந்தச் சொல்லை அங்கேயே விட்டேன். கையை எடுத்தால் 'முன்காட்டி'. நாட்காட்டி, திசைகாட்டி என்று பழகிய வாய்க்கு இது உறுத்தாது. கைபோய் வண்ண விளக்கு வந்த இடத்திலும் பொருந்தும். ஹோம், நிலையத்திலிருந்து புறப்பட விடும் ஸ்டார்டர் இரண்டும் 'நிறுத்தற்காட்டி' என்ற வகைக்குள் வரட்டும். வேகப் பலகை, ஊதற் பலகை முதலியவை எப்போதும் ஒன்றையே சொல்பவை. அவற்றைப் பலகை என்றே விடுவோம். சமிக்ஞை பொதுப்பெயராக இருக்கட்டும்.

'எச்சரிக்கைச் சமிக்ஞை' என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை: மீன்வால் கை சரிந்திருந்தால், "இந்த நிலையத்தின் சிக்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன, வேகம் குறைக்காமல் வா" என்று பொருள். அந்த நல்ல சேதியைச் சொல்வதும் இதே கைதான். எச்சரிக்கை என்றால் அதன் வேலையில் பாதி விடுபட்டுப்போகும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து