ரெண்டு ஷிஃப்ட் ஓடும் டாக்ஸிக்குச் சர்வீஸ் இடைவெளி எவ்வளவு?

ஸ்டெப்னி:
ஆறு வண்டி, எல்லாம் பெட்ரோல் செடான். பகலில் ஒரு டிரைவர், ராத்திரி ஒரு டிரைவர். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை தவறாமல் சர்வீஸ் போகிறது. ஆனாலும் இடையிலேயே ஆயில் குறைகிறது, பிரேக் பேட் தேய்ந்து இரும்பு உரசுகிறது. தினமும் செக் ஷீட் நிரப்புகிறார்கள், எல்லா வரியிலும் டிக் தான். எதை, எப்போது பார்ப்பது?

கிரீஸ்கை:
கையேட்டில் கடின உபயோகத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும். டாக்ஸி அதில்தான் வரும். பல வண்டிகளுக்கு அதில் ஆயில் இடைவெளி பாதிதான், அதாவது உங்களுக்கு 5,000 கி.மீ. ஏசியைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டில் நிற்கும்போது இன்ஜின் ஓடுது, கி.மீ. மீட்டர் நகராது. ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாத்துங்க. ஆயில் அளவு காட்டுற டிப்ஸ்டிக்கை ஷிஃப்ட் மாறும்போது பார்த்தாப் போதும்: சமதரை, இன்ஜின் அணைச்சு ஐந்து நிமிஷம்.

பேட் விஷயத்தில், வீல் இடுக்கு வழியா வெளிப்பேடை மட்டும் பார்க்கறாங்கன்னு நினைக்கிறேன். பேடை டிஸ்க்கில் அழுத்துற காலிப்பர் நகர்றது ஸ்லைடு பின் மேல. அது இறுகினா உள்பேட் மட்டும் வேகமாத் தேயும், வெளிப்பேட் நல்லாவே தெரியும். வீலைக் கழற்றி ரெண்டையும் அளங்க. பேடோட இரும்பு அடித்தட்டைச் சேர்க்காம 3 மி.மீ. வந்தா மாத்திடணும். பின்னைச் சுத்தம் பண்ணி, ரப்பர் பூட்டைப் பார்த்து, பிரேக்குக்கான கிரீஸ் போடணும். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். டிஸ்க்கோட குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறிச்சிருக்கும்.

பிரேக் ஆயில் இறங்கியிருந்தா மேல ஊத்திட்டுப் போகாதீங்க. ஒண்ணு பேட் தேய்ஞ்சிருக்கு, இல்லைன்னா எங்கயோ கசியுது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசா மாத்துங்க. டாட் 4 தரத்தில் புது ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினதுக்கு 155 தான். இறக்கத்தில் பிரேக் சூட்டில் ஆயில் கொதிச்சுக் குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்குறது அதனாலதான்.

பானட்திற:
டயரை விட்டுட்டீங்களே. டயர் பட்டனுக்கு (தரையில் படுற ரப்பர் கட்டைகளுக்கு) நடுவில் பள்ளத்தில் இருக்கிற சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம். அதுவரைக்கும் ஓட்டலாம்னு பலரும் நினைக்கிறாங்க, ஆனா ஈரத்தரையில் பட்டன் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழ போனாலே பிடிப்பு நல்லாக் குறைஞ்சிடும். வாடகை வண்டிக்கு 3 தான் கணக்கு. ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்து கம்மி, நடுவில் தேய்ஞ்சா அதிகம், ஒரு ஓரம் மட்டும்னா வீல் அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) சரியில்ல. அங்கங்க குழி விழுந்தா ஷாக் அப்சார்பரைப் பாருங்க. காத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கணும். நாலு பேரும் லக்கேஜும் ஏறினா வேண்டிய அளவு, டிரைவர் கதவு ஸ்டிக்கரில் தனியா இருக்கும்.

சொந்தக் காரில் யாரும் கவனிக்காத ஒண்ணு பின்சீட். டாக்ஸியில் அதிகம் அடிபடறது அதுதான். வாரம் ஒருமுறை பெல்ட்டை முழுசா வெளிய இழுத்து ஓரம் பிரிஞ்சிருக்கான்னு பாருங்க, வெடுக்குன்னு இழுத்தாப் பூட்டணும். பெல்ட்டை மாட்டுற பக்கிள் சீட்டுக்குள்ள புதைஞ்சு கிடக்கக் கூடாது. கதவு உள்கைப்பிடியும் திறக்கணும்.

ஸ்டெப்னி:
பின் பெல்ட்டை நாங்கள் பார்த்ததே இல்லை. அடுத்து ஒரு ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி) எடுக்கப்போகிறோம், அதில் பிரேக் வேலை குறைவு என்கிறார்களே?

கிரீஸ்கை:
பேட் தேய்மானம் குறைவு, உண்மை. மோட்டாரே வேகத்தைக் குறைக்கிறதால காலிப்பர் அதிகம் அசையறதில்ல. அதனாலேயே ஸ்லைடு பின் இறுகுது, டிஸ்க் துருப்பிடிக்குது. பேட் தேயலைன்னாலும் கழற்றிப் பார்க்கணும். பல மாடலில் பேட்டரியைக் குளிர்விக்கிற காத்துத் துளை பின்சீட் பக்கம் இருக்கும். பயணியோட பை மறைக்கும், தூசியும் நூலும் ஃபில்டரை அடைக்கும். பேட்டரி சூடாகி ஆயுசு குறையறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இண்டிகேட்டர்:
டிக் போடுற ஷீட்டைக் கிழித்துப் போடுங்கள். எண் எழுத வைத்தால் பார்க்காமல் நிரப்புவது கஷ்டம்: நாலு டயரின் காற்று, பட்டன் ஆழம், ஊற்றிய ஆயில் எத்தனை மி.லி. இரண்டு ஷிஃப்ட்டின் எண்ணும் அடுத்தடுத்த வரியில் வரட்டும், பொய் தானாகத் தெரியும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் விளக்குகள் சாவி போட்டதும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பை எடுத்திருக்கிறார்கள் என்றும் இருக்கலாம்.

பெடல் தாழ்வது, டயரில் கம்பி தெரிவது, பெல்ட் பூட்டாதது, ஸ்டீயரிங்கில் ஆட்டம், பெட்ரோல் வாசனை: இவற்றுக்கு உங்களைக் கேட்காமலே வண்டியை நிறுத்த டிரைவருக்கு உரிமை கொடுங்கள். அன்றைய வாடகையையும் அவரிடம் பிடிக்காதீர்கள், பிடித்தால் எழுத மாட்டார்.

பானட்திற:
வீல் கழற்றி மாட்டினா 50லிருந்து 100 கி.மீ.க்குள்ள நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்குற ஸ்பேனர்) மறுபடி பாருங்க. ஷீட்டில் அதுக்கும் ஒரு கட்டம் வைங்க.