நம்ம ஊர் வெயிலில் வீட்டிலேயே ஃபிலிம் கழுவுவது: என் அனுபவம்

ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கல்தான் டெவலப்பர்; அதன் சூடு 20 டிகிரி இருக்க வேண்டும் என்று புத்தகத்திலும் பாக்கெட்டிலும் போட்டிருக்கும். சென்னையில் மே மாதம் குழாயைத் திறந்தால் 31, 32 டிகிரியில் தண்ணீர் வரும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்றால் மதியத்தில் கையே சுடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டில் கழுவ ஆசைப்பட்டு என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "நல்ல தெர்மாமீட்டர் இருக்கா, ஐஸ் கிடைக்குமா?" என்பதைத்தான். கேமராவில் போடும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்த இரண்டுக்கும் ஒதுக்கினால் நெகட்டிவ் தானாகத் தேறிவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இதை எனக்குப் புரியவைத்தவர் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பரில் பிரிண்ட் போட்ட தலைமுறை. முகூர்த்த மாதங்களில் கல்யாண ரோல்கள் குவியும்போது ஏசி இல்லாத அறையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "பானைத் தண்ணிதான் தம்பி. ராத்திரியே மண்பானைல ஊத்தி வெச்சிருவோம். காலைல அதுலதான் டெவலப்பரைக் கலக்குறது, அதே பானைத் தண்ணியை தொட்டியில ஊத்தி அதுக்குள்ள தட்டை மிதக்க விடுறது" என்றார். மதுரைக் கோடையின் வறண்ட காற்றுக்கு இது அருமையான வழி. சென்னையில் அவ்வளவு பலன் தராது, ஏனென்றால் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், பானையில் கசியும் நீர் சீக்கிரம் ஆவியாகாது.

இன்னொன்றும் சொன்னார். சூட்டில் ஃபிலிமின் ஜெலட்டின் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும், விரல் பட்டாலே உரியும். அதனால் அமில ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரில்) ஜெலட்டினை இறுக்கப் படிகாரம் சேர்ப்பார்களாம். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு அது அவசியம். இப்போது வரும் ஃபிலிம்களைத் தொழிற்சாலையிலேயே இறுக்கித்தான் அனுப்புகிறார்கள். படிகாரம் சேர்த்தால் ஹைப்போ ஃபிலிமை விட்டுப் போக அதிக நேரம் கழுவ வேண்டியிருக்கும், ஆகவே நான் சேர்ப்பதில்லை.

சரி, என் முறை. 20 டிகிரிக்கு இறக்க நான் முயல்வதே இல்லை. 24-இல் நிறுத்துகிறேன். 20-க்கு இறக்கினாலும் கழுவி முடிப்பதற்குள் ஏறிவிடும். 24-இல் பிடித்து வைப்பது சுலபம். ஆனால் சூடு கூடினால் நேரம் குறையும். இல்ஃபோர்டு கம்பெனியின் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐஎஸ்ஓ 400-இல் எடுத்து, அவர்களுடைய ஐடி-11 டெவலப்பரை நீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அதே 24-இல் ஐந்தேகால் நிமிடம் வாக்கில் வந்து நிற்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுவதிலும் வடிப்பதிலும் ஆகும் சில நொடிகளே நெகட்டிவில் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கும். அதனால் ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்துவிடுகிறேன். 20-இல் 13 நிமிடம் என்பது 24-இல் ஒன்பது நிமிடத்தை ஒட்டி வருகிறது. நிதானமாக வேலை பார்க்கலாம், டெவலப்பரும் மிச்சம். கலந்ததை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும்.

குளிர்விக்க ஒரு அகலமான டப் போதும். 31 டிகிரியில் உள்ள பத்து லிட்டர் தண்ணீரை 24-க்குக் கொண்டுவர ஏறக்குறைய முக்கால் கிலோ ஐஸ் பிடிக்கும். ஐஸை நேரே கெமிக்கலில் போடாதீர்கள், நீர்த்துப்போகும். டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), ஹைப்போ, கழுவும் தண்ணீர் நான்கையும் பாட்டிலோடு டப்பில் நிறுத்திவையுங்கள். நான்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். டெவலப்பருக்கு மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசியில் குழாயடியில் 32 டிகிரித் தண்ணீரில் ஃபிலிமைக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் ஜெலட்டினுக்கு அதிர்ச்சி.

கடைசியில் ஹைப்போ போக அலசுவதற்கு ஓடும் தண்ணீர் அரை மணி நேரம் வேண்டும் என்பது பழைய கணக்கு. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அது நடக்காது. இல்ஃபோர்டு சொல்லும் முறை இருக்கிறது: ஃபிலிம் இருக்கும் மூடிய டாங்கியில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மூன்றாவது தடவை இருபது முறை. 35 மி.மீ. ரோலுக்குத் தடவைக்கு 300 மில்லி என்றால் மொத்தம் ஒரு லிட்டர்கூட ஆகாது. படிகாரம் இல்லாத ராபிட் ஃபிக்சருக்குத்தான் இது பொருந்தும். கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணீர் கூடாது. உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும், அது வெளிச்சத்தை மறிப்பதால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக வரும். ஆர்ஓ தண்ணீரிலோ பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரிலோ வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய வைக்கும் திரவம்) ஒரு சொட்டு விட்டு, ஃபிலிமை முக்கித் தொங்கவிடுங்கள். விரலால் வழிக்க வேண்டாம்.

டாங்கிக்குள் வைக்கும் ரீலில் இருட்டில் ஃபிலிம் ஏற்றுவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கேள்வி வருகிறது. சேஞ்சிங் பேக் என்கிற வெளிச்சம் புகாத பைக்குள் கையை விட்டால் இரண்டே நிமிடத்தில் வியர்த்துவிடும். பிளாஸ்டிக் ரீலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. கோவை நண்பர் ஒருவர் பை வேண்டாமென்று இரவில் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் கதவிடுக்கில் பெட்ஷீட்டைத் திணித்து ஏற்றுகிறார். நானும் அதற்கு மாறிவிட்டேன். விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகிய பிறகும் எங்கும் கீற்று தெரியவில்லை என்றால் அந்த அறை போதும். ஃபிலிம் முனையின் இரு மூலைகளையும் கத்தரியால் லேசாக உருட்டி வெட்டிக்கொண்டால் ரீலில் இடறாது.

இனி கேமரா. போன வருடம் ஒரு கல்லூரி மாணவர் தாத்தாவின் யாஷிகா மேட் 124ஜி-யைக் கொண்டுவந்தார், மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள கேமரா. பீரோவில் தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. "போச்சா அண்ணா?" என்று முகம் வாடிவிட்டது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும்தான், படம் பதிவது கீழ் லென்ஸில். அது தெளிவாக இருந்தது. ஒரு நொடி வேகத்தில் ஷட்டரை அழுத்திக் காதில் கேட்டோம், இழுக்காமல் திறந்து மூடியது. இப்படி லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் தகடுகள் உள்ள பழைய லீஃப் ஷட்டர் கேமரா வாங்கும்போது 500-ஐ (1/500 நொடி) விட 1 நொடியைத்தான் சோதிக்க வேண்டும். எண்ணெய் இறுகியிருந்தால் முதலில் திணறுவது மெதுவான வேகங்களே. தோல் உறையை அன்றே தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன், அதுதான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் இருந்தால் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும்.

அந்த கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டது, அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் பல பழைய மீட்டர்கள் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், நெகட்டிவ் மெலிந்துபோகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி கிட்டத்தட்ட 1.4 வோல்ட். அளவில் சிறியது என்பதால் சுற்றி ஒரு வளையம் வைக்க வேண்டும். சில மாதங்களில் தீர்ந்துவிடும், ஆனாலும் மீட்டர் காட்டும் வெளிச்ச அளவு சரியாக இருக்கும்.

பிரிண்ட் போடுவதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் இருக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். தூசி ஒரு பக்கம், மேசை அதிர்வு இன்னொரு பக்கம். வியர்க்கும்தான், வேறு வழியில்லை. சிவப்பு விளக்கு உண்மையில் பாதுகாப்பானதா என்று பார்க்க, பேப்பருக்கு என்லார்ஜரில் லேசான சாம்பல் வருமளவு வெளிச்சம் காட்டி, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் அந்த விளக்கடியில் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள், இல்லை மாற்றுங்கள்.

டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையுறை கட்டாயம். ஃபிக்சர் தீர்ந்ததா என்பதை வெட்டிய ஃபிலிம் துண்டைப் போட்டு அறியலாம். புதிதில் தெளியப் பிடித்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனால் அதன் ஆயுள் முடிந்தது. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, கிணற்றுப் பக்கமோ செடிக்கோ ஊற்ற வேண்டாம். கேனில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் ஃபைபர் பேப்பரை (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பிரிண்ட் பேப்பர்) சுருளாமல் காயவைக்க உங்களில் யாரிடமாவது நல்ல வழி இருந்தால் எழுதுங்கள். கண்ணாடியில் ஓரம் ஒட்டிக் காயவைப்பது கோடையில் எனக்குச் சரியாக வருகிறது, மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம் நிற்கிறது.